புனே கார் விபத்து: ஒரு சிறார் வழக்கு நடந்த விதம்

பின்னணி

2024 மே 19, ஞாயிறு அதிகாலை சுமார் இரண்டரை மணி. புனேயின் கல்யாணி நகர் பகுதியில் மின்சாரத்தில் ஓடும் ஒரு போர்ஷே கார், முன்னால் போன மோட்டார் சைக்கிளை இடித்தது. மோட்டார் சைக்கிளில் இருந்த இருவரும் இறந்தார்கள். ஒரு இளைஞர், ஒரு இளம்பெண். இருவருக்கும் 24 வயது. மத்தியப் பிரதேசத்திலிருந்து புனேக்கு வந்து மென்பொருள் துறையில் இருந்தவர்கள். காரை ஓட்டியதாகச் சொல்லப்படும் சிறுவனுக்கு 17 வயது 8 மாதம். அங்கே கூடியவர்கள் அவனைப் பிடித்து அடித்து, போலீஸிடம் ஒப்படைத்தார்கள்.

சிறுவனின் பெயரை இங்கே எழுதவில்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. அவன் குடும்பத்தாரின் பெயரை எழுதினாலும் அதே விளைவுதான் என்பதால் அதையும் விட்டுவிட்டேன். இறந்த இருவரின் பெயர்களையும் அவர்கள் வீட்டாரை எண்ணித் தவிர்த்திருக்கிறேன்.

அந்த இரவுக்கு முன்பே சில விஷயங்கள் நடந்து முடிந்திருந்தன. சிறுவன் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததைக் கொண்டாட நண்பர்களுடன் இரண்டு மதுக்கூடங்களுக்குப் போயிருந்தான். முதல் இடத்தில் மட்டும் ஒன்றரை மணி நேரத்தில் 48,000 ரூபாய் பில் வந்ததாக புனே காவல் ஆணையர் சொன்னார். மகாராஷ்டிரத்தில் பீருக்கும் வைனுக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும், மற்ற மதுவகைகளுக்கு 25. யாரும் வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை. மைனருக்கு மது கொடுப்பவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பாட்டில் மேசைக்கு வந்தபோது அந்தப் பிரிவு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

காருக்கு நம்பர் பிளேட் கிடையாது. பெங்களூரு விற்பனையாளரிடமிருந்து தற்காலிகப் பதிவோடு வந்த வண்டி அது. புனே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிரந்தரப் பதிவு முடியாமல் மார்ச் மாதத்திலிருந்தே கிடந்தது. மின்சார வாகனம் என்பதால் சாலை வரி விலக்கு இருந்தது. கட்ட வேண்டியிருந்த பதிவுக் கட்டணம் 1,758 ரூபாய்தான், அதைக் கட்டவில்லை. கோடிக்கணக்கில் விலையுள்ள வண்டி, எண்ணே இல்லாமல், லைசென்ஸ் இல்லாத ஒருவன் கையில் ஊருக்குள் ஓடியிருக்கிறது. இந்த வழக்கைப் படிக்கும் எவரும் முதலில் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பேன். சிறார் குற்றம் என்று பேசத் தொடங்கியதும் நம் பார்வை சிறுவன் மேலேயே போய்விடுகிறது. சாவி அவன் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது.

முதல் சில மணி நேரம்

சிறுவனை எரவாடா காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். முதல் தகவல் அறிக்கையில் முதலில் எழுதியது இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பிறகுதான் 304ஆவது பிரிவு, கொலையாகாத மரணம் விளைவித்தல், சேர்ந்தது.

இந்த மணி நேரங்களில் ஒன்று மிக முக்கியம்: ரத்த மாதிரி. குடித்தவர் உடலில் இருந்து மது மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் (100 மில்லி ரத்தத்துக்கு) என்ற கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு காட்டும் எல்லை 30 மில்லிகிராம். எட்டு மணி நேரம் தாமதித்தால் 120 அளவுக்குக் கரைந்துபோகும், நன்றாகக் குடித்தவரும் எல்லைக்குக் கீழே வந்துவிடலாம். இங்கே விபத்து அதிகாலையில் நடந்தது, மாதிரி எடுத்ததோ காலை வெகுநேரம் கழித்து. மருத்துவப் பரிசோதனைக்கு உடனே அனுப்பாததற்கும் மேலதிகாரிகளுக்குத் தகவல் சொல்லாததற்கும் அந்த நிலையத்தின் இரண்டு அதிகாரிகள் பின்னர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

நடந்தது வெறும் தாமதம் மட்டுமல்ல என்பது போலீஸின் வழக்கு. அரசு மருத்துவமனையில் எடுத்த சிறுவனின் ரத்தத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அவன் தாயின் ரத்தத்தை வைத்ததாகவும், இதற்காக 3 லட்சம் ரூபாய் கைமாறியதாகவும் குற்றச்சாட்டு. இது வெளிவந்ததற்குக் காரணம் ஒரு நல்ல முடிவு. போலீஸ் சந்தேகப்பட்டு, அன்றே வேறொரு அரசு மருத்துவமனையில் இரண்டாவது மாதிரி எடுத்து வைத்தது. டி.என்.ஏ. ஒப்பிட்டபோது முதல் மாதிரி அவனுடையது இல்லை என்று தெரிந்தது. இந்த ஒரு படி இல்லாவிட்டால் பிற்பாடு நடந்த எதுவும் நடந்திருக்காது.

வண்டியை ஓட்டியது தான்தான் என்று சொல்லும்படி குடும்ப டிரைவரை வற்புறுத்தி வீட்டில் அடைத்து வைத்ததாக இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அது தாத்தா மேலும் தந்தை மேலும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜாமீன்

அதே நாளில் சிறுவன் சிறார் நீதிக் குழுமத்தின் ஓர் உறுப்பினர் முன்னால் நிறுத்தப்பட்டான். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். குழுமம் கூடாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன்னால் சிறுவனை நிறுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை ஒருவரே உத்தரவு போட்டதில் அந்த அளவில் பிழை இல்லை.

ஜாமீன் கிடைத்தது. 7,500 ரூபாய் பிணைப் பத்திரம், பையனைக் கெட்ட சகவாசத்திலிருந்து விலக்கி வைப்பதாகத் தாத்தா கொடுத்த உறுதி, 15 நாள் போக்குவரத்து விதிகளைப் படித்துப் போலீஸாரோடு இருப்பது, மனநல ஆலோசனை, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை. நாடு முழுக்கக் கோபம் கிளம்பியது இந்தக் கடைசி நிபந்தனையால்தான். இரண்டு உயிருக்கு ஈடாக 300 சொல்லா என்று இறந்தவர்கள் வீட்டார் கேட்டதில் இருந்த வலியை எந்தச் சட்டப் பிரிவைக் காட்டியும் ஆற்ற முடியாது.

ஆனால் ஜாமீனை ஜாமீனாகப் பார்க்க வேண்டும், அது தீர்ப்பு இல்லை. சிறார் நீதிச் சட்டம் 12ஆவது பிரிவின்படி, குற்றம் ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா என்பதைப் பார்க்காமலே சிறுவனை விட வேண்டும். மறுக்க மூன்றே காரணங்கள்: விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கு ஒழுக்க, உடல், மன ரீதியான ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கம் கெட்டுப்போகும். செய்த குற்றம் எவ்வளவு பெரியது என்பது இந்தப் பட்டியலில் இல்லை. செல்போன் திருட்டில் பிடிபட்ட கூலித் தொழிலாளி மகனுக்கும் இதே பிரிவுதான். அவனுக்கு இது ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பது வேறொரு பெரிய துயரம். அதற்கு மருந்து எல்லாருக்கும் கிடைக்கச் செய்வதுதான். கிடைத்தவனிடமிருந்து பிடுங்குவதால் கூலிக்காரர் மகனுக்கு ஒன்றும் வரப்போவதில்லை.

என் பார்வையில் அந்த உத்தரவில் இருந்த குறை வேறு. வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தச் சூழலுக்கு இவனைத் திருப்பி அனுப்புகிறோம் என்ற கேள்வி 12ஆவது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. தாத்தாவின் உறுதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மைனர் பையனிடம் கார் இருந்தது, அவன் நள்ளிரவில் மது குடித்திருந்தான் என்ற இரண்டு தகவலும் அன்றைக்கே மேசையில் இருந்தன. வீட்டுக் கண்காணிப்பு எப்படி இருந்தது என்று கேட்க அது போதும். சாட்சியைக் கலைக்கும் முயற்சி பற்றி அன்று குழுமத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அதை அவர்கள் தலையில் சுமத்த மாட்டேன்.

கோபத்துக்குப் பின் வந்த முடிவுகள்

இரண்டே நாளில் காட்சி மாறியது. மே 21இல் தந்தை கைது. போலீஸ், சிறுவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்று கேட்டது. மே 22இல் குழுமம் தன் உத்தரவை மாற்றி, ஜூன் 5 வரை கூர்நோக்கு இல்லத்துக்கு, அதாவது விசாரணைக் காலத்தில் சிறார்களை வைத்திருக்கும் இடத்துக்கு, அனுப்பியது. பிறகு ஜூன் 12 வரை, அப்புறம் 25 வரை என்று நீட்டிக்கப்பட்டது.

இதற்கிடையில் தாத்தா கைதானார். மே 27இல் இரண்டு மருத்துவர்களும் ஒரு ஊழியரும், ஜூன் 1இல் தாயும் கைதானார்கள். சிறுவன் கூர்நோக்கு இல்லத்திலும் பெற்றோரும் தாத்தாவும் காவலிலும் இருந்த நாட்கள் அவை.

இங்கேதான் சட்டம் தடுமாறியது. ஜாமீனில் விடப்பட்ட ஒருவனை, அந்த ஜாமீனை ரத்து செய்யாமலேயே, கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்தார்கள். எந்தப் பிரிவின்கீழ்? தன் உத்தரவைத் திருத்திக்கொள்ள குழுமத்துக்கு ஓரளவு அதிகாரம் உண்டு. அந்த வழியில் ஒருவரின் ஜாமீனை இல்லாமல் ஆக்க முடியாது.

தந்தைவழி அத்தை மும்பை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். விசாரணையின்போது நீதிபதிகள், இரண்டு உயிர் போயிருக்கிறது, அதே நேரம் அந்தப் பையனும் அதிர்ச்சியில்தான் இருக்கிறான் என்ற கருத்தைச் சொன்னார்கள். ஜூன் 25இல் தீர்ப்பு: கூர்நோக்கு இல்லத்தில் வைத்த உத்தரவுகள் சட்டவிரோதமானவை, அதிகார வரம்பை மீறியவை. சிறுவனை அத்தையின் பொறுப்பில் விட வேண்டும், மனநல ஆலோசனை தொடர வேண்டும். குற்றம் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், சட்டத்தோடு முரண்பட்ட எந்தக் குழந்தையையும் நடத்துவதுபோலவே இவனையும் நடத்த வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம்.

அந்தத் தீர்ப்பைப் படித்துப் பலர் கொதித்தார்கள். எனக்கு அது சரியான தீர்ப்பு. அதோடு அத்தை என்ற முடிவையும் கவனியுங்கள். மே 19இல் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு, அதாவது இவனை யார் பொறுப்பில் விடலாம் என்பதற்கு, ஜூன் 25இல்தான் ஒரு பதில் கிடைத்தது.

பெரியவனாக விசாரிக்கலாமா

அடுத்த ஓராண்டு இந்தக் கேள்வியில் போனது. இது எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1986ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில் சிறார் என்று கருத ஆண் பிள்ளைகளுக்கு எல்லை 16 வயது, பெண் பிள்ளைகளுக்கு 18. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது. 2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 17 வயதுக்காரன் ஒருவனுக்கு 2013இல் மூன்றாண்டு சிறப்பு இல்லம் (குற்றம் உறுதியான சிறார்களை வைக்கும் இடம்) என்று முடிவானதும், 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்ததும் பெரும் கோபத்தை எழுப்பின. அந்த டிசம்பர் 22இல் மாநிலங்களவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டம் குற்றங்களைச் சிறு குற்றம், கடுமையான குற்றம், கொடிய குற்றம் என்று பிரிக்கிறது. கொடிய குற்றமாக இருந்து, சிறுவனுக்கு 16 முடிந்திருந்தால், 15ஆவது பிரிவின்படி முதல்நிலை மதிப்பீடு செய்து அவனைப் பெரியவனாக விசாரிக்க அனுப்பலாம். அவன் மனத்திறன், உடல்திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் சக்தி, சம்பவச் சூழல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

எது கொடிய குற்றம்? குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்பது கணக்கில் வராது. குறைந்தது எவ்வளவு என்பதே கேள்வி. 304ஆவது பிரிவில் ஆயுள் வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. போலி ஆவணம் தொடர்பாகப் போலீஸ் சேர்த்த 467ஆவது பிரிவிலும் அப்படியே.

இதே கேள்வி முன்பே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2016 ஏப்ரலில் டெல்லியில் 18 நிறையச் சில நாட்களே இருந்த ஒருவன் ஓட்டிய மெர்சிடிஸ் கார் மோதி 32 வயது இளைஞர் இறந்தார். 2020 ஜனவரி 9இல் வந்த தீர்ப்பு, அதிகபட்சம் ஏழுக்கு மேல் இருந்து குறைந்தபட்சம் இல்லாத குற்றங்கள் மூன்று வகையிலும் வராமல் நிற்கின்றன என்பதைக் கண்டுகொண்டு, நாடாளுமன்றம் திருத்தும் வரை அவற்றைக் கடுமையான குற்றமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2021 திருத்தம் அதையே சட்டமாக்கியது. ஆகவே நாடாளுமன்றம் இந்த இடைவெளியைத் தெரிந்தே, யோசித்தே, சிறுவனைச் சிறாராகவே விசாரிக்கும் பக்கமாக அடைத்தது.

புனே குழுமமும் இந்த வழியில்தான் போனது. 2025 ஜூலை 15இல் போலீஸின் கோரிக்கையை நிராகரித்து, சிறாராகவே விசாரிக்க உத்தரவிட்டது. இனி அதிகபட்சம் 18ஆவது பிரிவின்படி மூன்றாண்டு சிறப்பு இல்லம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 105ஆவது பிரிவில் இதே குற்றத்தின் இரண்டு வகைகளில் கடுமையானதற்குக் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு வைத்திருக்கிறார்கள். ஐந்து, ஏழு அல்ல. இதே விபத்து இன்றைக்கு நடந்தாலும் விடை மாறாது.

மற்றவர்களுக்கு நடந்தது

2024 ஜூலை 25இல் பெற்றோர், மருத்துவர்கள், ஊழியர், இடைத்தரகர்கள் என ஏழு பெரியவர்கள் மீது சுமார் 900 பக்கக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. காரில் இருந்த வேறு சிறுவர்களின் ரத்தமும் மாற்றப்பட்டதாகப் பின்னர் இன்னும் கைதுகள் நடந்தன. தாய்க்கு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. முதல் ஜாமீன் உத்தரவை விசாரித்த மாநில அரசின் குழு நடைமுறைக் குறைகளைச் சொன்னதைத் தொடர்ந்து, குழுமத்தின் இரண்டு உறுப்பினர்களின் பணி 2024 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. சிறுவன் அந்த 300 சொல் கட்டுரையை ஜூலை தொடக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்.

மாற்ற வேண்டியவை

முதலில் போலீஸ் நிலையம். இரவில் சிறார் யாராவது வண்டி மோதலில் பிடிபட்டால், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ரத்த மாதிரி எடுத்தாக வேண்டும், அதே வேளையில் இன்னொரு மாதிரி வேறு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் என்று விடக்கூடாது. பணக்கார வீட்டு வழக்கில் சந்தேகப்பட்ட அதிகாரி இருந்தார் என்பது தற்செயல். நிலையத்தில் சிறார் நல அலுவலர் என்று பெயருக்கு ஒருவர் இருப்பதும், இரவு இரண்டரைக்கு அவர் வந்து நிற்பதும் வேறு வேறு.

அடுத்தது ஜாமீன் நிபந்தனை. கட்டுரை எழுதச் சொல்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. நிபந்தனைக்கும் நடந்ததற்கும் தொடர்பு தெரிய வேண்டும். விபத்தில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் வேலை, மது ஆலோசனைக்கு வந்ததற்கான அறிக்கை, வண்டிச் சாவி எதுவும் அவன் கைக்கு எட்டாது என்று பொறுப்பாளர் எழுதிக் கொடுப்பது, இவற்றில் ஏதாவது இருந்திருந்தால் அந்த உத்தரவைப் படித்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும். சிறுவனின் குடும்பச் சூழலை விசாரித்து நன்னடத்தை அலுவலர் தரும் சமூக விசாரணை அறிக்கைக்குச் சட்டம் 15 நாள் தருகிறது. ஜாமீனுக்கு முன் அரைப் பக்கக் குறிப்பாவது வாங்க எந்தத் தடையும் இல்லை.

பெற்றோர் பொறுப்பைப் பற்றிச் சட்டம் ஏற்கெனவே தெளிவாகப் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ, 2019 செப்டம்பர் முதல்: சிறார் ஓட்டினால் பாதுகாவலரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளியாகக் கருதப்படுவார்கள், மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் பதிவு ரத்து, ஓட்டியவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இந்தப் பிரிவு இரண்டு பேர் செத்த பிறகு நினைவுக்கு வருகிறது. ஸ்கூல் வாசலில் ஸ்கூட்டியில் வந்து நிற்கும் பத்தாம் வகுப்புப் பையனின் அப்பா மேல் போடுங்கள், இந்தச் சட்டம் அப்போது வேலை செய்யும்.

பெரியவனாக விசாரிக்கும் கதவை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும் என்ற குரலோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறைந்தபட்சத் தண்டனை என்ற அளவுகோல் இல்லாமல் போனால் அந்தக் கதவு வழியாக உள்ளே தள்ளப்படுவது வக்கீல் வைக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். இந்தச் சிறுவனுக்கு உயர்நீதிமன்றம் வரை போக ஒரு குடும்பம் இருந்தது.

கடைசியாக, இறந்தவர்களின் வீட்டார். ஜாமீன் என்றால் என்ன, கூர்நோக்கு இல்லம் என்றால் என்ன, ஏன் இந்த விசாரணை மூடிய அறையில் நடக்கிறது என்று அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு அவர்கள் கட்டுரை நிபந்தனையைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்றால் அது மிகக் கொடுமை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதற்கென்று ஒருவரை நியமிக்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.